பெய்ட்காஸ்டரில் பிரெய்டு: வாசகர் கேள்விகள்

விராலுக்கு ஃபிராக்கும் (தவளை வடிவப் போலி இரை) கொடுவாவுக்கு லூரும் (போலி இரை) வீசுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெய்ட்காஸ்டர் ரீலில் (வீசும்போது ஸ்பூலே சுழன்று லைனை விடும் தூண்டில் ரீல்) பிரெய்டு (பின்னல் லைன்) போட்டதும் லைன் நழுவுகிறது, புதைகிறது, சிக்குகிறது, அறுகிறது. பழி ரீல் மேல் விழுகிறது. கடிதங்களைப் படித்தால், பத்தில் எட்டுப் பேருடைய ரீல் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பூலில், அதாவது லைன் சுற்றும் உருளையில், லைன் ஏறிய விதத்தில்தான் கோளாறு. அதனால் இந்த முறை பிரெய்டுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) முழுக்க முறுக்கிய பிறகும் பெரிய விரால் இழுக்கும்போது லைன் வழுக்கிக்கொண்டு போகிறது. டிராக் வாஷரை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (திண்டுக்கல்)

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பூலின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேராக, சுற்றியிருக்கும் லைன் மேலும் ஒரு கோடு போடுங்கள். டிராக்கை முழுக்க முறுக்கி, லைனைத் துணியில் சுற்றிப் பிடித்து மெதுவாக, பலமாக இழுங்கள். புள்ளியும் கோடும் சேர்ந்தே நகர்ந்தால் டிராக்தான் வழுக்குகிறது, வாஷரைப் பார்க்கலாம். கோடு மட்டும் நகர்ந்து புள்ளி நின்ற இடத்திலேயே நின்றால், ஸ்பூலின் தண்டைச் சுற்றி மொத்த லைனும் ஒரே உருளையாகச் சுழல்கிறது என்று அர்த்தம். அந்த ரீலில் எத்தனை வாஷர் மாற்றினாலும் பயன் இல்லை.

காரணம் நூலிலேயே இருக்கிறது. பிரெய்டு என்பது மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருவது அதுதான். அதன் மேல்பரப்பு மெழுகுபோல வழுவழுப்பானது. தங்கூஸ் என்று நாம் சொல்லும் மோனோ, சுற்றும்போது கொஞ்சம் நீண்டு, பிறகு சுருங்கித் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிரெய்டு நீளுவதே இல்லை என்று சொல்லலாம். அதனால் அந்தப் பிடி அதற்குக் கிடைக்காது.

தீர்வு, அடியில் மோனோ. 0.30 முதல் 0.35 மி.மீ. மோனோவை ஸ்பூல் தண்டில் யூனி முடிச்சால் கட்டி 8 முதல் 10 மீட்டர் இறுக்கமாகச் சுற்றுங்கள். சாதாரண அளவு ஸ்பூலில் 5 மீட்டருக்கு ஒரு அடுக்கு வரும். இரண்டு அடுக்கு இருந்தால் நம்பிக்கையாக இருக்கலாம். அதன் நுனியில் பிரெய்டை டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள்: பிரெய்டுப் பக்கம் 8 சுற்று, மோனோப் பக்கம் 4 சுற்று. எச்சிலால் நனைத்து இறுக்கி, வால்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் வால், மேலே வரும் சுற்றுகளில் சிக்கும்.

சில ஸ்பூல்களின் தண்டில் துளைகள் இருக்கும். ஒரு துளையில் நுழைத்து அடுத்த துளையில் எடுத்துக் கட்டினால் மோனோ இல்லாமலே பிரெய்டு பிடிக்கும். மின்சார டேப்பை ஒரு சுற்று ஒட்டி அதன் மேல் சுற்றுகிறவர்களும் உண்டு. லைன் குறைவாகக் கொள்ளும் ஆழமற்ற ஸ்பூலுக்கு அது சரி. ஆனால் வெயிலில் காரில் கிடக்கும் ரீலில் டேப்பின் பசை உருகிக் கசியும். ஆழமான ஸ்பூலுக்கு மோனோவே மேல்.

கேள்வி: என் ரீலில் 0.32 – 100 என்று போட்டிருக்கிறது. இதில் எத்தனை மீட்டர் பிரெய்டு ஏறும்? அடியில் எவ்வளவு மோனோ போட வேண்டும்? (சேலம்)

0.32 மி.மீ. தடிமன் உள்ள லைன் 100 மீட்டர் கொள்ளும் என்பதே அதன் பொருள். கணக்கு எளிது. லைன் அடைக்கும் இடம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.32 × 0.32 × 100 = 10.24. இதுதான் உங்கள் ஸ்பூலின் மொத்தக் கொள்ளளவு எண். இனி நீங்கள் போட நினைப்பதை இதிலிருந்து கழியுங்கள்.

0.33 மி.மீ. பிரெய்டு 80 மீட்டர் வேண்டும் என்றால் 0.33 × 0.33 × 80 = 8.71. மீதி 1.53. அதை மோனோவின் வர்க்கத்தால் (0.35 × 0.35 = 0.1225) வகுத்தால் 12 மீட்டர் சொச்சம். ஆக, அடியில் 12 மீட்டர் மோனோ, மேலே 80 மீட்டர் பிரெய்டு. அதே 80 மீட்டரை 0.285 பிரெய்டில் போட்டால் மோனோ 30 மீட்டர் வரை வேண்டியிருக்கும்.

ஏரியிலும் கண்மாயிலும் ஃபிராக் வீசுகிறவருக்கு 80 மீட்டர் தாராளம். கடலிலும் கழிமுகத்திலும் 120 மீட்டருக்குக் குறைக்க வேண்டாம். எவ்வளவு ஏற்றினாலும் விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும். சிக்கல் அதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

கேள்வி: வீசும்போது பாதி வழியில் ரீல் சடாரென்று நிற்கிறது. ஃபிராக் மட்டும் அறுந்து பறந்துவிடுகிறது. ஒரே மாதத்தில் நான்கு ஃபிராக் போய்விட்டது. லைன் 30 பவுண்டு, புதியது. (மதுரை)

இது லைன் புதைவதால் வருவது. பிரெய்டு மெல்லியது, அதன் சுற்றுகளுக்கிடையே இடைவெளி இருந்தால், மேல் சுற்றை இழுக்கும்போது அது கீழ்ச் சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். அடுத்த முறை வீசும்போது ஸ்பூல் வேகமெடுத்துச் சுழலும். புதைந்த இடம் வந்ததும் லைன் வெளியே வராது. மோனோவாக இருந்தால் நீண்டு அந்த அதிர்ச்சியைத் தாங்கும். பிரெய்டுக்கு நீட்சி இல்லாததால் முழு அதிர்ச்சியும் முடிச்சில் போய் இடிக்கும். 30 பவுண்டு லைன் 12 கிராம் ஃபிராக்குக்கு அறுவது இப்படித்தான்.

புதைவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முதலில் சுற்றும்போதே தளர்வாகச் சுற்றியது. மற்றொன்று, கட்டையிலோ தாமரைத் தண்டிலோ மாட்டிய ஃபிராக்கை ராடாலேயே இழுத்து எடுத்தது. இரண்டாவதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. மாட்டியதை இழுத்து விடுவித்தவுடன் அப்படியே அடுத்த வீச்சு வீசுகிறார்கள். ஃபிராக் போவது பெரும்பாலும் அந்த வீச்சில்தான்.

இப்போது ஸ்பூலில் இருக்கும் லைனைக் கழற்றி மறுபடி சுற்றுங்கள். லைன் உருளைக்கு நடுவே பென்சிலை நுழைத்து, இன்னொருவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். உருளை சக்கரம்போல உருள வேண்டும். பம்பரக் கயிறு உருவுவதுபோலப் பக்கவாட்டில் உருவினால் லைனில் முறுக்கு ஏறும். லைன் ராடின் முதல் வளையம் வழியாகவும் ரீலின் லெவல்விண்ட் (லைனை ஸ்பூலில் சீராகப் பரப்பும் கண்) வழியாகவும் போகட்டும். ரீலுக்கு முன்னால் ஈரத்துணியால் லைனைப் பிடித்து, விரலில் சூடு தெரியும் அளவுக்கு அழுத்திச் சுற்றுங்கள். உலர்ந்த துணி வேண்டாம். உராய்வுச் சூடு இழையைக் கெடுக்கும். இந்த நூல் சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகக்கூடியது. சுற்றி முடித்தபின் கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல அமுங்கினால் மறுபடி சுற்ற வேண்டும். நூற்கண்டுபோலக் கல்லாக நிற்க வேண்டும்.

நீர்நிலைக்குப் போனதும் முதல் வீச்சுக்கு முன் இன்னொரு வேலை உண்டு. லூரை மரத்திலோ வேலிக் கம்பியிலோ மாட்டி, 40 மீட்டர் பின்னால் நடந்து லைனை விட்டு, ராடை வளைத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். மேல் அடுக்கு இறுகிவிடும். பெரிய மீன் பிடித்த பிறகும், மாட்டியதை விடுவித்த பிறகும் இதையே சுருக்கமாகச் செய்யலாம்: மெதுவான ஒரு நீண்ட வீச்சு, பிறகு லைனை இரு விரலால் கிள்ளிப் பிடித்தபடி சுற்றல்.

மாட்டினால் எப்படி இழுப்பது? ராடை லைனுக்கு நேராக நீட்டி, 15 செ.மீ. நீளக் கட்டை ஒன்றில் லைனை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கட்டையைப் பிடித்து இழுங்கள். இழுவை ரீலுக்குப் போகாது. கையில் சுற்றி இழுக்கவே கூடாது. பிரெய்டு விரலை ஆழமாக அறுத்துவிடும். இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நீட்சி இல்லாத லைனிலும், வளைந்த மரக்கிளையிலிருந்து விடுபடும் ஃபிராக் கொக்கியோடு கண்ணை நோக்கித்தான் வரும்.

30 பவுண்டு பற்றி ஒரு வார்த்தை. பெய்ட்காஸ்டரில் மெல்லிய லைன் எளிதாகப் புதையும். ஃபிராக் வேலைக்கு 40 அல்லது 50 பவுண்டுக்கு மாறுங்கள். வலிமைக்காக அல்ல, தடிமனுக்காக.

கேள்வி: கடையில் ஒரே 50 பவுண்டு என்று போட்ட பெட்டிகளில் தடிமன் வேறு வேறாக இருக்கிறது. பி.ஈ. 3, பி.ஈ. 4 என்கிறார்கள். 4 இழை நல்லதா, 8 இழை நல்லதா? (கோயம்புத்தூர்)

பவுண்டை நம்பி வாங்காதீர்கள், விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். பி.ஈ. எண் என்பது ஜப்பானியத் தடிமன் அளவு: பி.ஈ. 1 என்றால் 0.165 மி.மீ., பி.ஈ. 2 என்றால் 0.235, பி.ஈ. 3 என்றால் 0.285, பி.ஈ. 4 என்றால் 0.330, பி.ஈ. 5 என்றால் 0.370. நல்ல தயாரிப்பில் 30 பவுண்டு சுமார் 0.28 மி.மீ., 50 பவுண்டு சுமார் 0.36, 65 பவுண்டு சுமார் 0.43 இருக்கும். 0.20 மி.மீ. என்று எழுதி 50 பவுண்டு என்றும் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் லைன் எழுதியதைவிடத் தடிமனாக இருக்கும். நீங்கள் போட்ட கொள்ளளவுக் கணக்கு தவறிப்போவது அதனால்தான்.

4 இழைப் பின்னல் கொஞ்சம் சொரசொரப்பு. வளையத்தில் உரசும் சத்தம் கேட்கும். ஆனால் ஒவ்வொரு இழையும் தடிமனாக இருப்பதால் உராய்வைத் தாங்கும். அல்லித் தண்டையும் பாசியையும் ரம்பம்போல அறுத்துக்கொண்டு வரும். 8 இழை உருண்டையானது, மென்மையானது, சத்தமில்லாமல் தூரம் போகும், விலை அதிகம். ஆகாயத்தாமரையும் அல்லியும் மூடிய குளத்தில் விரால் பிடிக்க 4 இழை, 50 பவுண்டு போதும். செடி மிக அடர்த்தி என்றால் 65. திறந்த நீரில் கொடுவாவுக்கு லூர் வீச 8 இழை, 30 முதல் 40 பவுண்டு.

கேள்வி: மோனோவில் சிக்கலே வராது. பிரெய்டு போட்டதிலிருந்து மூன்று வீச்சுக்கு ஒரு முறை குருவிக்கூடு. பிரேக்கை எங்கே வைப்பது? சிக்கினால் எப்படி எடுப்பது? (திருநெல்வேலி)

வீசிய கணத்தில் லூர் வேகமாகப் போகும், ஸ்பூலும் அதே வேகத்தில் சுழலும். காற்றில் லூர் வேகம் குறைகிறது, ஸ்பூல் குறைவதில்லை. வெளியே போகாத லைன் ஸ்பூலிலேயே வளையங்களாக எழும்பும். மோனோவுக்கு விறைப்பு இருப்பதால் வளையங்கள் தனித்தனியாக நிற்கும். பிரெய்டு துவண்டு விழுந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்ளும். அதனால் மோனோவில் வைத்த பிரேக் அளவு பிரெய்டுக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு முறை லூர் மாற்றும்போதும் ஸ்பூல் டென்ஷன் திருகைச் சரிசெய்யுங்கள். கைப்பிடிப் பக்கம் இருக்கும் சிறிய திருகு அது. ராடை நேராக நீட்டி, கட்டைவிரல் பட்டனை அழுத்தினால் லூர் மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் அரைச் சுற்றுக்குமேல் ஓடக் கூடாது. காந்தப் பிரேக் 0 முதல் 10 வரை என்றால் முதலில் 7 அல்லது 8. பத்து வீச்சு சிக்கலின்றிப் போனால் ஒரு எண் குறையுங்கள். மையவிலக்குப் பிரேக் என்றால் பக்கத்தட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு கட்டைகளில் பெரும்பாலானவற்றை வேலைசெய்யும் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். எதிர்க்காற்றில் இரண்டு எண் கூட்டுங்கள். இவை எல்லாம் உதவிக்குத்தான். லூர் நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் ஸ்பூலை நிறுத்தியே ஆக வேண்டும். அதை எந்தப் பிரேக்கும் உங்களுக்காகச் செய்யாது.

சிக்கிவிட்டால் உடனே லைனைப் பிடித்து இழுக்காதீர்கள், வளையங்கள் இறுகும். டிராக்கை முழுக்க முறுக்குங்கள். கட்டைவிரலால் ஸ்பூலைப் பலமாக அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பட்டனை அழுத்தி, லைனை மெதுவாக வெளியே இழுங்கள். நிற்கும் இடத்தில் மறுபடி அழுத்திச் சுற்றுங்கள், மறுபடி இழுங்கள். அழுத்தத்தில் எழும்பிய வளையங்கள் படிந்து விடுபடும். பத்துச் சிக்கலில் எட்டு இப்படியே போகும். மீதிக்கு, கண்ணுக்குத் தெரியும் வளையத்தைப் பல்குச்சியால் தூக்கிவிடுங்கள். ஊசியும் கத்திமுனையும் வேண்டாம். ஒரு இழை அறுந்தால் அந்த இடத்தில் வலிமை போய்விடும். சிக்கல் தீர்ந்ததும் அதற்குக் கீழே இன்னும் ஐந்து மீட்டர் வெளியே எடுத்து, இறுக்கிச் சுற்றுங்கள். டிராக்கைப் பழைய நிலைக்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

கேள்வி: பிரெய்டை எதனால் வெட்டுவது? நகவெட்டியில் நார் நாராகப் பிரிகிறது. (தஞ்சாவூர்)

பற்கள் உள்ள பிரெய்டு கத்தரி. இல்லையென்றால் லைனை இழுத்துப் பிடித்து லைட்டர் சுடரை அருகில் காட்டுங்கள். உருகி அறுந்து நுனியில் சிறு மணி நிற்கும். முடிச்சுக்குப் பக்கத்தில் சுடரைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: நாங்கள் களப்பில் தங்கூஸ் போட்டுப் பழகிய ஆட்கள். பிரெய்டில் லூர் கட்டும்போது முடிச்சு உருவிக்கொண்டு போகிறது. கொடுவாவுக்கு முன்னால் தங்கூஸ் லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் துண்டு லைன்) போட வேண்டும் என்கிறார்கள். எந்த நீளம், எந்த முடிச்சு? (மட்டக்களப்பு)

தங்கூஸுக்குக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் நிற்காது. வழுவழுப்பில் சுருள்கள் நழுவிவிடும். லூரை நேராக பிரெய்டில் கட்டினால் பாலோமர். லைனை 15 செ.மீ. மடித்து இரட்டையாக்கி, கொக்கி வளையத்தில் நுழையுங்கள். இரட்டை லைனால் ஒரு தளர்ந்த சாதாரண முடிச்சுப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் லூர் முழுவதையும் விடுங்கள். நனைத்து, இரு லைனையும் சேர்த்து இழுத்து இறுக்குங்கள். இரு சுருளும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறினால் ஒன்று மற்றதை அறுக்கும். வால் 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

கொடுவாவுக்கு லீடர் கட்டாயம். அதன் வாய் அரம்போலச் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு கத்தி. இறுகி நிற்கும் பிரெய்டு அதில் பட்டால் ஒரே தொடுதலில் போய்விடும். அலையாத்தி வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பியும் அப்படித்தான். 40 முதல் 60 பவுண்டு தங்கூஸ் அல்லது ஃபுளோரோகார்பன் போடுங்கள். நீரின் மேல் நடக்கும் லூருக்குத் தங்கூஸ் நல்லது. ஃபுளோரோகார்பன் நீரைவிடக் கனமானது, லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். ஆழத்தில் ஓடும் லூருக்கு ஃபுளோரோகார்பன்.

நீளம் 60 செ.மீ. போதும். பெய்ட்காஸ்டரில் இது முக்கியம். வீசுவதற்காக லூரைத் தொங்கவிடும்போது இணைப்பு முடிச்சு ராடு நுனிக்கு வெளியே நிற்க வேண்டும். நீளமாகப் போட்டால் முடிச்சு வளையங்களிலும் ரீலின் லெவல்விண்டிலும் ஒவ்வொரு வீச்சிலும் இடிக்கும். முடிச்சு தேயும், வீச்சு நிற்கும், சிக்கல் வரும். நீளமான லீடர்தான் வேண்டும் என்றால் எஃப்.ஜி. முடிச்சுப் பழகுங்கள். லீடரை மடிக்காமல் பிரெய்டை அதன் மேல் மாறி மாறி 18 அல்லது 20 பின்னல் பின்னி, நன்றாக இறுக்கி, அரை முடிச்சுகளால் பூட்டுவது அது. மெலிதாக இருப்பதால் வளையத்தில் தடங்காது. படகில், காற்றில், அவசரத்தில் கட்ட டபுள் யூனியே கைகொடுக்கும்.

குளத்து விராலுக்கு லீடர் தேவையில்லை. இலைகளுக்கு மேலே ஓடும் ஃபிராக்கில் லைன் நீருக்குள் போவதே குறைவு. இணைப்பு முடிச்சு வேண்டாத இடத்தில் பாசியைப் பிடிக்கும்.

கேள்வி: கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) பிடிக்கிறோம். 50 பவுண்டு பிரெய்டு, டிராக்கை முழுக்க இறுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு முறை கொக்கி நிமிர்ந்துவிட்டது, ஒரு முறை ராடு ஒடிந்தது. (ஈப்போ)

50 பவுண்டு என்பது லைனின் எல்லை. உங்கள் ராடின் எல்லையோ கொக்கியின் எல்லையோ அதுவல்ல. மோனோ நீண்டு உறிஞ்சிக்கொண்ட இழுப்பை, பிரெய்டு போட்ட பிறகு ராடும் கொக்கியும் வளையங்களும்தான் தாங்குகின்றன. டிராக்கை லைனுக்கு ஏற்ப வைக்காமல், இருப்பதில் பலவீனமானதற்கு ஏற்ப வையுங்கள்.

ராடில் 10 முதல் 20 பவுண்டு என்று எழுதியிருந்தால், டிராக் 3 முதல் 4 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றும். பெட்டி எடைபார்க்கும் கைத் தராசைக் கொண்டு அளவிடுங்கள்: லைனை வளையங்கள் வழியாக விட்டு, நுனியைத் தராசில் கட்டி, ராடை 45 பாகையில் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். ஸ்பூல் நகரத் தொடங்கும் எண்தான் கணக்கு. லைன் நிறைய வெளியேறி ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறைந்தால் அதே திருகு நிலையில் இழுவை கூடும். விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பு. தோமான் தூரம் ஓடும்போது டிராக்கை மேலும் இறுக்குவது அதனால்தான் ஆபத்து. தேவைப்பட்டால் கட்டைவிரலால் ஸ்பூலை அணையுங்கள்; அதை ஒரு கணத்தில் விட்டுவிடலாம்.

வெட்டி இழுப்பதிலும் மாற்றம் வேண்டும். தொய்வு லைனில் ராடை வீசி அடிப்பது மோனோவில் பழகிய பழக்கம். பிரெய்டில் முதலில் தொய்வைச் சுற்றி எடுங்கள், மீனின் கனம் தெரிந்ததும் உடம்பால் திரும்பி இழுங்கள். ஃபிராக் ஒற்றைத் தடித்த கொக்கி, அதற்கு விறைத்த ராடு பொருந்தும். மும்முனைக் கொக்கி உள்ள லூருக்குக் கொஞ்சம் வளைகிற ராடை எடுங்கள், இல்லையேல் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தோமானின் பல் கூர்மை. 60 முதல் 80 பவுண்டு மோனோ லீடர் போட்டு, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பான பகுதியை வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் பந்துபோல நீர்மட்டத்துக்கு வந்து போகும் இடத்தில் லூர் வீசாதீர்கள். கீழே காவல் நிற்கும் தாயும் தகப்பனும் கோபத்தில் கட்டாயம் அடிக்கும். அதனால்தான் அது சுலபம். அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகளைச் சுற்றியுள்ள மீன்கள் தின்று தீர்த்துவிடும். நம்மூர் விராலுக்கும் இதே வழக்கம்தான், இதே வேண்டுகோள்தான்.

கேள்வி: பிரெய்டு ராடு வளையத்தை அறுத்துவிடும் என்பது உண்மையா? (நாகர்கோவில்)

பீங்கான் உள்வளையம் உள்ள இன்றைய ராடுகளில் அறுக்காது. உள்வளையம் இல்லாத வெறும் உலோக நுனி இருந்தால் நாளடைவில் கோடு விழும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு நார் பிடித்தால் அங்கே விரிசல் இருக்கிறது; அந்த வளையம்தான் உங்கள் லைனை அறுக்கும். ரீலின் லெவல்விண்ட் கண்ணையும் அதேபோலப் பாருங்கள்.

கேள்வி: கடலில் பாரைக்கும் சீலாவுக்கும் வீசுகிறேன். ஆறு மாதத்தில் ஸ்பூல் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து அரித்துவிட்டது. மோனோ போட்டிருந்த பழைய ரீலுக்கு இப்படி ஆகவில்லை. (தூத்துக்குடி)

மோனோ ஒற்றை இழை, தண்ணீரை வைத்துக்கொள்ளாது. பிரெய்டு பின்னல், இழைகளுக்கிடையே உப்புநீரைப் பிடித்து ஸ்பூலின் அடிவரை கொண்டுபோய் வைக்கும். அலுமினியம் அங்கேதான் அரிக்கத் தொடங்குகிறது.

திரும்பி வந்த அன்றே செய்ய வேண்டியது: டிராக்கை இறுக்கி, குழாய்நீரை மெல்லிய தூறலாக ரீல் மேல் ஒரு நிமிடம் விடுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே பேரிங்குக்குப் போகும். பிறகு ஸ்பூலைத் தனியே கழற்றி, லைன் மேல் நல்ல தண்ணீர் ஊற்றி, உதறி, நிழலில் காயவையுங்கள். பேரிங் உள்ள ஸ்பூலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கிக் கெடும். ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு துளி ரீல் எண்ணெய், ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதிக எண்ணெய் ஸ்பூலை மந்தமாக்கும். அடியில் மோனோ போட்டிருந்தால் ஈரமான பிரெய்டு உலோகத்தைத் தொடுவது குறையும். அது இன்னொரு லாபம். சீலா வாய்க்கு மட்டும் மோனோ லீடர் போதாது, 15 செ.மீ. கம்பி வேண்டும்.

கேள்வி: பச்சை நிறம் இரண்டு மாதத்தில் வெளுத்துவிட்டது. கையெல்லாம் சாயம். லைன் கெட்டுவிட்டதா? எப்போது மாற்றுவது? பழையதை என்ன செய்வது? (செங்கல்பட்டு)

கெடவில்லை. இந்த நூலுக்குள் சாயம் ஊறாது. மேலே பூசியதுதான், அதனால் வெளுக்கும். நிறத்தைப் பார்க்காமல் பின்னலைப் பாருங்கள். முதல் 20, 30 மீட்டர் மட்டும் பஞ்சு பறந்து, தட்டையாகத் தெரிந்தால், முழு லைனையும் வேறு ஸ்பூலுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொரு ஸ்பூலுக்கு மாற்றி, அங்கிருந்து ரீலில் திருப்பிச் சுற்றுங்கள். ஒரே ஒரு ஸ்பூலுக்கு மாற்றி அப்படியே ரீலுக்குத் திருப்பினால் தலைகீழாகாது; பழைய நுனி அடியில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாத புது லைன் மேலே வந்துவிடும். இப்படி ஒரே லைன் இருமடங்கு காலம் வரும். நடுவே ஒரு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள், முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டாம். ரீலில் நடுமுடிச்சு நிம்மதி தராது.

வெட்டியதை, ஒரு முழம் ஆனாலும், கரையில் போடாதீர்கள். இது மக்காது. கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் சுற்றிக்கொண்டால் அவற்றால் அறுக்கவும் முடியாது, ஏனென்றால் அறுபடாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட நூல். மூடி போட்ட சிறு டப்பா ஒன்றைப் பையில் வைத்து, துண்டுகளை அதில் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிய பிறகு குப்பையில் போடுங்கள்.